தத்துவம் பக்கத்துத் துறைக்குள் நுழையும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தத்துவ மாணவர்களுக்கு நரம்பியல், இயற்பியல், கணினியியல், மருத்துவம் ஆகிய பக்கத்துத் துறைகளின் மீது இப்போது பெரும் ஆர்வம் வந்திருக்கிறது. மனமார வரவேற்கிறேன். காண்ட்டின் நூலை இன்னொரு முறை சுருக்கித் தருகிறவரைவிட, மூளை ஆய்வைப் படித்துவிட்டுக் குழம்பிப்போய் வந்து நிற்கும் மாணவரோடு பேசவே எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முதல் வரைவுகளைக் கையில் எடுத்தால் அதே பள்ளங்கள்தாம். நானும் என் தலைமுறையினரும் விழுந்து எழுந்த பள்ளங்கள் என்பதால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடுகின்றன.

மேற்கோளுக்கு மூலம் காட்டாதது, பெயர்களைப் பிழையாக எழுதுவது, சுருக்க நூல்களை மட்டுமே நம்புவது போன்றவற்றை எந்த நெறியாளரும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேற்றத்தின் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைப்பது

"கணிதமே முழுமையற்றது என்று கோடெல் நிரூபித்துவிட்டார். ஆகவே பகுத்தறிவால் உண்மையை அடைய முடியாது." இந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து வராத வரைவுக் கட்டு அபூர்வம்.

கணிதத் தருக்கவியலாளர் குர்ட் கோடெல் 1931-இல் வெளியிட்ட தேற்றத்துக்கு நிபந்தனைகள் உண்டு. இன்றைய பாடநூல் வடிவில் சொன்னால், முறைமை, அதாவது அடிகோள்களிலிருந்து விதிப்படி கூற்றுகளை நிறுவும் அமைப்பு, முரண்பாடில்லாமல் இருக்க வேண்டும். அதன் அடிகோள்களை, அதாவது நிறுவாமலே ஏற்கும் தொடக்கக் கூற்றுகளை, ஓர் இயந்திர விதிப்படி பட்டியலிட முடிய வேண்டும். எண்களின் கூட்டலையும் பெருக்கலையும் பற்றிப் போதிய அளவு பேசும் திறன் அதற்கு இருக்க வேண்டும். இவை மூன்றும் அமைந்தால், அந்த முறைமைக்குள் நிறுவவும் முடியாத, மறுக்கவும் முடியாத ஒரு கூற்று இருக்கும்; முழுமையற்றது என்பதன் பொருள் இதுதான். நிபந்தனை ஒன்று விலகினாலும் நிலைமை மாறிவிடும். கூட்டலை மட்டும் கொண்ட எண்கணிதம் முழுமையானது என்று பிரெஸ்பர்கர் 1929-லேயே காட்டிவிட்டார். யூக்ளிடிய வடிவியலுக்கு டார்ஸ்கி அமைத்துத் தந்த தருக்க வடிவமும் முழுமையானதுதான். ஆக, "கணிதம் முழுமையற்றது" என்ற பொதுக்கூற்று அப்படியே நிற்காது. அங்கிருந்து மனித அறிவு முழுவதற்கும் தாவ எந்தப் படியும் இல்லை.

நிபந்தனைகளை ஒரு பத்தியில் சொந்த வாக்கியங்களில் எழுத முடிந்த பிறகு தேற்றத்தின் பெயரைக் கட்டுரைக்குள் கொண்டுவாருங்கள்.

சோதனை முடிவை அப்படியே தத்துவ விடையாக்குவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தணியாத தவறு இது. ஆய்வு மாணவர்களின் காலத்தையும் பணத்தையும் கரைக்கும் தவறும் இதுதான்.

விருப்பச் சுதந்திரம் பற்றிய ஓர் ஆய்வேடு. எழுதியவர் திறமைசாலி; ஸ்பினோசாவையும் சாங்கியத்தையும் மூலத்தோடு ஒட்டிப் படித்தவர். மூன்றாம் இயல் இப்படித் தொடங்கியது: "நாம் முடிவெடுப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று அறிவியல் நிரூபித்துவிட்டது." அந்த ஒரு வரியின்மேல் இரண்டு இயல்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. குற்றவாளியைத் தண்டிப்பது நியாயமா, வினைப்பயன் கோட்பாடு இனி எப்படி நிற்கும் என்று வாதம் நீண்டுகொண்டே போனது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் என்ன செய்தார்கள், சொல்லுங்கள்." பதில் இல்லை. ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பியது. விண்ணப்பிக்க வேண்டிய வேலை ஒன்றும் அந்த இடைவெளியில் கைநழுவியது. அந்த வரியை அனுமதித்த நெறியாளருக்கும் இதில் பங்கு உண்டு.

அந்தச் சோதனையில் நடந்தது இதுதான். நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட்டும் அவர் குழுவினரும் 1983-இல் வெளியிட்டது. கலந்துகொண்டவர் அமர்ந்தபடி, தமக்குத் தோன்றும்போது விரலையோ மணிக்கட்டையோ அசைக்க வேண்டும். எதிரே கடிகார முகம் போன்ற ஒரு திரை. அதில் ஓர் ஒளிப்புள்ளி 2.56 வினாடிக்கு ஒரு சுற்று வரும். அசைக்க வேண்டும் என்ற உந்துதல் எழுந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு நினைவிலிருந்து சொல்ல வேண்டும். தலையில் பொருத்திய மின்முனைகள், கை அசைவதற்கு ஏறக்குறைய 550 மில்லிவினாடி முன்பே ஒரு மின்னழுத்தம் மெல்ல ஏறத் தொடங்குவதைக் காட்டின. உந்துதலை உணர்ந்ததாகக் கலந்துகொண்டவர்கள் சொன்ன கணமோ அசைவுக்கு ஏறக்குறைய 200 மில்லிவினாடி முன்பு. அந்த 350 மில்லிவினாடி இடைவெளிதான் உலகெங்கும் "மூளை முந்திக்கொண்டது" என்று பேசப்படுவது. அசைவுக்கு முன் மெல்ல ஏறும் அந்த 'ஆயத்த மின்னழுத்தம்' லிபெட்டின் கண்டுபிடிப்பும் அன்று. கோர்ன்ஹூபரும் டெக்கேயும் 1965-லேயே ஜெர்மனியில் அறிவித்திருந்தார்கள்.

தத்துவம் படித்தவருக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. "முடிவு" என்று எதைச் சொல்கிறார்கள்? கலந்துகொள்ளச் சம்மதித்து, அறிவுறுத்தலைக் கேட்டு, "அவ்வப்போது விரலை அசைப்பேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தபோதே அவர் முடிவெடுத்துவிட்டார். பிறகு அளக்கப்பட்டது, 'எப்போது அசைப்பது' என்ற உந்துதல் மட்டும். விரலை இப்போது அசைப்பதா, இன்னும் சற்றுக் கழித்தா என்பதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. வேலையை விடுவதா, சாட்சி சொல்வதா என்று ஒருவர் எடைபோடுவது வேறு வகைச் செயல். அதைப் பற்றி இந்தச் சோதனை வாய் திறக்கவே இல்லை.

அடுத்தது அளவீட்டு முறை. ஒரே ஓர் அசைவுக்கு முன் எழும் மின்னழுத்தம் மற்ற மூளைச் சலனங்களுக்குள் மூழ்கிவிடும். அதனால் பல அசைவுகளின் பதிவுகளை, அசைவு நிகழ்ந்த கணத்தை ஒட்டி வரிசைப்படுத்திச் சராசரி எடுக்கிறார்கள். மின்னழுத்தம் ஏறியும் கை அசையாத கணங்கள் இந்தச் சராசரிக்குள் வருவதே இல்லை. 2012-இல் ஷுர்கர், சிட், டெஹேன் மூவரும் இந்த இடத்தைப் பிடித்தார்கள். மூளையில் இயல்பாகவே ஏறி இறங்கும் தற்செயல் சலனங்கள் ஒரு வரம்பைத் தொடும்போது அசைவு நிகழ்கிறது என்று கொண்டு, அசைவிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தாலே அதே மெல்லிய ஏற்றம் கிடைக்கும் என்று காட்டினார்கள். அப்படியானால் அந்த ஏற்றத்தின் தொடக்கம் எந்த முடிவின் தொடக்கமும் ஆகாது. இதுவே இறுதிச் சொல் என்று நான் சொல்லவில்லை, வாதம் நடந்துகொண்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் வாதத்தை "நிரூபித்துவிட்டது" என்று எழுதலாமா என்பதே என் கேள்வி.

லிபெட்டே விருப்பச் சுதந்திரம் இல்லை என்று சொல்லவில்லை. எழுந்த உந்துதலைக் கடைசிக் கணத்தில் தடுக்கும் ஆற்றல் நனவுக்கு உண்டு என்பது அவர் நிலைப்பாடு. அவர் பெயரால் அவர் சொல்லாததை எழுதுகிறோம்.

இந்தத் தவறை அடையாளம் காண நமக்கு அயலிலிருந்து கருவி எதுவும் வர வேண்டியதில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று அனுமானத்தின் உறுப்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றின் போலியையும் பிரித்துக் காட்டுகிறார். ஏதுப்போலி மூவகை: அசித்தம் (காரணமே நிலைபெறாதது), அநைகாந்திகம் (இரு பக்கமும் செல்வது), விருத்தம் (எதிர்மாறானதை நிறுவுவது). ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுகிறது என்று ஒருவர் வாதிட்டால், அந்த ஏது நிற்காது. அழியும் குடமும் அறியப்படுகிறது. அந்த மரபில் அழியாததாகக் கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுகிறது. இரு பக்கமும் செல்லும் ஏது எதையும் நிறுவாது. இது அநைகாந்திகம்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு லிபெட்டுக்குத் திரும்புங்கள். மின்னழுத்தம் ஏறியது, ஆகவே மூளை அசைக்க முடிவெடுத்தது என்பது வாதம். அசைப்பதில்லை என்று முடிவெடுத்தவரிடமும் அதே மின்னழுத்தம் இருந்தால்? 2010-இல் ட்ரெவீனாவும் மில்லரும் இதைத்தான் சோதித்தார்கள். ஒலி கேட்டதும் விசையை அழுத்துவதா வேண்டாமா என்று தீர்மானிக்கச் சொன்னார்கள். அழுத்த முடிவெடுத்தபோதும், வேண்டாம் என்று முடிவெடுத்தபோதும் ஆயத்த மின்னழுத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஏது இரு பக்கமும் செல்கிறது. மணிமேகலையைப் பாடமாகப் படித்த மாணவர் இந்தக் கேள்வியைத் தாமாகவே எழுப்பியிருக்கலாம். அந்த நூலை இலக்கிய வகுப்புக்குள்ளேயே பூட்டிவைத்துவிட்டோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

வேறு துறையின் முடிவு ஒன்றைத் தொடும்போது என் மாணவர்களிடம் நான் கட்டாயமாகக் கேட்பவை: எதை அளந்தார்கள், எந்தக் கருவியால், அளந்ததற்கும் நீங்கள் சொல்லவருவதற்கும் இடையே உள்ள படியை அமைத்தவர் ஆய்வாளரா, செய்தியாளரா, நீங்களா? பெரும்பாலும் 'நீங்கள்' என்பதுதான் பதில். அப்படியானால் அந்தப் படிக்கான வாதத்தை நீங்களே எழுத வேண்டும். உண்மையில் உங்கள் ஆய்வேடு அந்தப் படிதான்.

இருப்பதிலிருந்து வேண்டியதற்குத் தாவுவது

பரிணாமம் இப்படி ஆக்கியது, ஆகவே இதுவே சரி என்று எழுதாதீர்கள். தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740-இல் எச்சரித்துவிட்டார்.

"நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்"

அதே மணிமேகலையின் 27-ஆம் காதையில் ஊழே எல்லாவற்றையும் நடத்துகிறது என்ற பழைய சமயமான ஆசீவகத்தின் வாதி அணுக்களைப் பற்றிப் பேசுகிறார். உடனே "அணுக்கொள்கை நம்முடையது" என்று ஒரு கட்டுரை வந்துவிடுகிறது. ஆசீவகரின் அணு நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கோடு உயிரையும் உள்ளடக்கியது. வேதியியலாளர் டால்டனின் அணு எடை விகிதங்களிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் ஆசீவகருக்கும் நியாயம் செய்யவில்லை, வேதியியலுக்கும் செய்யவில்லை. உயிரை ஏன் அணுவாகக் கொண்டார்கள், ஊழைப் பற்றிய அவர்களுடைய கொள்கைக்கு அது எப்படித் துணைநின்றது என்று கேளுங்கள். அங்கே சிந்திக்க எவ்வளவோ கிடக்கிறது. குவாண்டம் இயற்பியலை அத்வைதத்துக்குச் சாட்சியாக அழைக்கும் கட்டுரைகளுக்கும் இதுவே என் பதில்: சங்கரருக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

தாய்த் துறை என்ற பெருமை

எல்லாத் துறைகளும் தத்துவத்திலிருந்து பிறந்தவை என்று முன்னுரையில் எழுதுவதால் ஒன்றும் நகர்வதில்லை. நியூட்டன் 1687-இல் தம் நூலுக்கு இயற்கைத் தத்துவம் என்ற பெயரை வைத்தார் என்பது உண்மை. அதனால் இன்றைய இயற்பியலாளருக்கு நாம் பாடம் எடுக்கும் உரிமை வந்துவிடாது.

உறவு எப்படி நடந்தது என்பதை நுணுக்கமாகச் சொல்லுங்கள். ஐன்ஸ்டைன் பெர்ன் நகரில் நண்பர்களோடு ஹியூமையும், இயற்பியலாளரும் தத்துவவாதியுமான மாஹையும் சேர்ந்து படித்தார். அந்தப் படிப்பு இல்லாமல் தாம் சார்பியலை அடைந்திருக்க மாட்டோம் என்பது மிகவும் சாத்தியம் என்று 1915-இல் தத்துவவாதி ஷ்லிக்குக்கு எழுதினார். காலம் என்பதை எப்படி அளப்பது என்று கேட்கும் துணிச்சல் அங்கிருந்து வந்தது. மாக்ஸ்வெல்லின் மின்காந்தவியலில் இருந்த இடர்ப்பாடு இயற்பியலிலிருந்து வந்தது. இரண்டும் தேவைப்பட்டன. ஒன்றை மறைத்தால் வரலாறு பொய்யாகிவிடும்.

கணிதவியலாளர் ஆலன் டூரிங்கும் அப்படியே. இயந்திரம் சிந்திக்குமா என்ற அவருடைய 1950-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தது ஒரு தத்துவ இதழில். ஆனால் அந்தக் கட்டுரைக்கு வலுத் தந்தது, 1936-லேயே எது கணிக்கக்கூடியது என்பதற்கு அவர் கொடுத்திருந்த கணித வரையறை.

சிந்தனைச் சோதனையைக் கையேடாக்குவது

ஓட்டுநரில்லாக் கார் பற்றிய ஒவ்வொரு கட்டுரையிலும் தண்டவாளமும் ஐந்து பேரும் வந்துவிடுகிறார்கள்: ஐந்து பேரைக் காக்க வண்டியைத் திருப்பி ஒருவரைச் சாகவிடலாமா என்ற கேள்வி. தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1967-இல் அந்த டிராம் வண்டியை எழுதியது கருக்கலைப்பு விவாதத்தில், விளையும் தீங்குக்கும் நோக்கிச் செய்யும் தீங்குக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வதற்காக. அங்கே எல்லாம் உறுதி: இந்தப் பக்கம் ஐந்து சாவு, அந்தப் பக்கம் ஒன்று. சாலையில் காரின் உணர்விக்கு எதுவும் உறுதி இல்லை. முன்னால் தெரிவது குழந்தையா, காற்றில் பறக்கும் பையா என்பதே நிகழ்தகவு. எந்த அளவு ஐயத்தில் பிரேக் போட வேண்டும், எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது, பிழைத்தால் பொறுப்பு யாருடையது என்பவை அங்குள்ள அறக்கேள்விகள். பொறியாளர்கள் அவற்றோடு அன்றாடம் மல்லாடுகிறார்கள். தத்துவ மாணவர்களை அங்கே காணோம்.

கேட்காமல் எழுதுவது

மருத்துவ அறவியலில் நோயாளியின் ஒப்புதல் பற்றி ஒரு மாணவி நல்ல வரைவு எழுதியிருந்தார். முழுக்கத் தன்னாட்சி, அதாவது தனக்கானதைத் தானே முடிவெடுக்கும் உரிமை, பற்றிய வாதம். ஒரு மருத்துவமனைக்குப் போய் அறுவைச் சிகிச்சைக்கு முன் நடப்பதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். படிவத்தில் கையெழுத்துப் போடுவது பல நேரங்களில் மகன், கணவர், அண்ணன். நோயாளி கட்டிலில் அமர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்கிறார். சிலர் அப்படித்தான் வேண்டும் என்று விரும்புகிறார்கள். சிலரிடம் யாரும் கேட்பதே இல்லை. இந்த இரண்டையும் வெளியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் இப்போது அவருடைய ஆய்வுக் கேள்வி. முதல் வரைவில் அந்தக் கேள்வியே இல்லை.

ஒரே கட்டுரையில் ஐந்து துறைகள்

வேண்டாம். ஒன்றை எடுங்கள், அதன் அடிப்படைப் பாடநூலைப் பயிற்சிக் கணக்குகளோடு முடித்துவிட்டு வாருங்கள்.