கார் ஷெட்டுக்குத் தரை: கீழிருந்து மேலே வாருங்கள்

எங்கள் கார் ஷெட்டில், இடது பின்சக்கரம் நிற்கும் இடத்தில், ஒரு ஆத்தங்குடிக் கல் நான்காக வெடித்துக் கிடந்தது. பச்சையும் மஞ்சளுமாகப் பூப் போட்ட கல். வீட்டுக்குள் பட்டாசாலையில், அதாவது பெரிய கூடத்தில், பதித்தது போக ஐம்பது அறுபது கல் மிச்சம் இருந்தது. "வீணாப் போகுதே, ஷெட்டுல பதிச்சிரலாம்" என்று சொன்னது நான்தான். ஆத்தா அப்போதே வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. பஞ்சர் பார்க்க ஜாக்கி வைத்த அன்றைக்குக் கல் வெடித்தது. அதற்கு முன்பே என்ஜினுக்கு நேர் கீழே தோசை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. என்ன தேய்த்தும் போகவில்லை.

கல்லைக் குறை சொல்ல மாட்டேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு கிடையாது. கண்ணாடிமேல் இரும்புச் சட்டம் வைத்து, அதில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் அடைத்து, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு இறுக வைப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. பூ இருக்கும் வண்ணப் படலம் சில மில்லிமீட்டர்தான். வெறுங்காலோடு நடந்து, தினமும் துடைத்துவந்தால் தலைமுறை தாண்டி நிற்கும். ஆனால் சிமெண்ட் என்பதால் நுண்துளை உண்டு. தேங்காயெண்ணெயைக் குடித்து மெருகேறுகிற கல், என்ஜின் ஆயிலையும் அதே ஆசையோடு குடிக்கும்.

இரண்டாம் முறை ஷெட்டைப் பெயர்த்துப் போட்டபோது கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கடையில் மேற்கல்லைப் பார்ப்பது கடைசி வேலை. முதலில் மண், பிறகு வாட்டம் (தண்ணீர் வடிவதற்கான சரிவு), பிறகு கான்கிரீட். அதுவரை கடைப் பக்கமே போக வேண்டாம்.

படி 1: ஷெட்டில் என்ன நடக்கப்போகிறது?

ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை வண்டி, என்ன வண்டி? சின்னக் கார் ஒரு டன்னுக்கு முன்னே பின்னே இருக்கும். பெரிய எஸ்யூவி இரண்டு டன்னைத் தொடும். நான்கு சக்கரத்துக்குப் பிரித்தால், ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் உள்ளங்கை அகல இடத்தில் கால் டன் முதல் அரை டன் வரை உட்கார்ந்திருக்கிறது. ஜாக்கியும் பைக்கின் சைடு ஸ்டாண்டும் அதைவிட மோசம், ஒரே புள்ளியில் குத்தும்.

வண்டி கழுவுவது அங்கேயேவா? இன்வெர்ட்டர் பேட்டரி அங்கே இருக்குமா? அப்படியானால் ஆசிட் சொட்டும், சுண்ணாம்புச் சத்துள்ள எந்தக் கல்லையும் அது அரிக்கும். மேலே கூரை உண்டா, வெயில் நேராக விழுமா? விசேஷ நாளில் அங்கேயே பந்தி போடுவீர்களா? சிரிக்க வேண்டாம். நம்மூரில் ஷெட்டில் கார் நிற்கிற நாளுக்குச் சமமாகச் சமையல்காரர் அடுப்பு எரிகிற நாளும் இருக்கும்.

படி 2: மண்ணைப் பாருங்கள்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். கட்டியவர்களில் பலர் காருக்கென்று இடம் விட்டதில்லை. அதனால் இப்போது ஷெட் போடுகிறவர்கள் பெரும்பாலும் பின்கட்டை ஒட்டிய காலி இடத்தில்தான் போடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். அந்த இடம் பல வருடமாக வீட்டுக் குப்பையைத் தாங்கிய இடம். எங்கள் வீட்டில் ஒரு அடி தோண்டியதும் சுண்ணாம்புக் காரைக் கட்டி, உடைந்த நாட்டு ஓடு, ஒரு பீங்கான் ஜாடியின் கழுத்து எல்லாம் வந்தன. அதற்கும் கீழேதான் கெட்டியான செம்மண். முதல் தரை வெடித்ததற்குப் பாதிக் காரணம் இந்தப் பொலபொலப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு கடப்பாரையை ஓங்கிக் குத்துங்கள். இரண்டு மூன்று அங்குலத்தில் 'ணங்' என்று நின்றால் நல்ல மண். வெண்ணெயில் கத்தி போல இறங்கினால் அதை முழுக்க வெட்டி எடுத்தே ஆக வேண்டும். வெட்டிய இடத்தில் கிராவல் (சரளை மண்) நிரப்புங்கள். ஒரே தடவையில் கொட்டாமல், மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். வாடகைக்கு மண் இறுக்கும் மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது. இறுகிய கிராவல் ஆறு அங்குலமாவது இருக்கட்டும். இந்த வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது, அதனால் அவசரமாக முடிக்கத்தான் எல்லாருக்கும் கை போகும்.

படி 3: வாட்டம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஷெட்டின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கினால், மேலே எந்தக் கல் போட்டும் பிரயோசனமில்லை. பத்து அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் சரிவு போதும். பதினெட்டு அடி ஷெட் என்றால் பின்சுவருக்கும் வாசலுக்கும் இரண்டே முக்கால் அங்குலம் வித்தியாசம் வரும். சரிவு தெருப்பக்கம் இருக்க வேண்டும், வீட்டுப்பக்கம் கூடாது.

கண்பார்வையில் வாட்டம் பார்க்கிற கொத்தனாரை நம்ப வேண்டாம். டியூப் லெவலில், அதாவது மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயில், தண்ணீர் நிரப்பி, நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்தால் சரிவு தானாகத் தெரியும். எனக்கும் கொத்தனாருக்கும் இங்கேதான் வாக்குவாதம் வந்தது. "அண்ணே, முப்பது வருசமா நான் கண்ணுலதான் பாக்குறேன்" என்றார். "சரி, இன்னிக்கு மட்டும் டியூபுல பாருங்க" என்றேன். பார்த்தோம். அரை அங்குலம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அப்புறம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

வாசல் மட்டம் தெருவைவிட ஆறு அங்குலமாவது உயரமாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே வருகிறது, வீடுதான் பள்ளமாகிறது. ஆறு அங்குலம் ஏற நான்கு அடி நீளச் சாய்தளம் விட்டால் காரின் அடிவயிறு இடிக்காது. சாய்தளத்துக்கு இடம் எங்கே என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தெருவில் நீட்டினால் அடுத்த முறை ரோடு போடுபவர்கள் உடைத்துவிட்டுப் போவார்கள்.

படி 4: கான்கிரீட்

காருக்கு நான்கு அங்குலக் கான்கிரீட் போதும். கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று: ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரை மணல் அல்லது எம்-சாண்ட், மூன்று பங்கு முக்கால் அங்குல ஜல்லி. இதைத்தான் எம்-20 என்கிறார்கள். பத்துக்குப் பதினெட்டு அடி ஷெட்டுக்கு 60 கன அடி கான்கிரீட் வேண்டும். சுமார் 14 மூட்டை சிமெண்ட், 25 கன அடி மணல், 50 கன அடி ஜல்லி. கொஞ்சம் கூடுதலாகவே இறக்கி வையுங்கள்.

நிரப்பிய மண் அல்லது கனமான வண்டி என்றால் 8 எம்எம் கம்பியை எட்டு அங்குல இடைவெளியில் வலையாகக் கட்டுங்கள். வலை தரையோடு கிடந்தால் பயனில்லை. கவர் பிளாக் (சின்னச் சிமெண்ட் கட்டை) வைத்துக் கான்கிரீட்டின் நடுவுக்குச் சற்று மேலே தூக்கி நிறுத்த வேண்டும்.

கலவையில் தண்ணீர் ஊற்றும் கையைக் கவனியுங்கள். ஓட்டமாக இருந்தால் பரப்புவது சுலபம், அதனால் சித்தாள் குடத்தைச் சாய்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போனபின் அதன் இடம் வெற்றிடம்தான். மேற்பரப்பு பிறகு மாவு மாவாக உதிரும்.

போட்ட மறுநாளே, பத்து அடிக்குள் ஒரு கோடு வரும்படி கட்டர் மெஷினால் ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டிவிடுங்கள். புதுத் தரையை யாராவது வெட்டுவார்களா என்று வீட்டில் கேட்பார்கள். கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். நாம் கோடு போட்டுக் கொடுத்தால் அந்தக் கோட்டின் அடியில் வெடிக்கும், கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது தண்ணீர் கட்டுவது. ஓரத்தில் மண்ணால் சின்ன வரப்புக் கட்டி, தரை முழுக்க மூழ்கும்படி தண்ணீர் நிறுத்துங்கள். இப்போது கடைகளில் அதிகம் விற்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்டுக்குப் பத்து நாளாவது வேண்டும். சித்திரை வெயிலில் சாக்கை நனைத்துப் போட்டு மறந்துவிட்டால், மத்தியானத்துக்குள் சாக்கு அப்பளமாகியிருக்கும். காரை ஏற்றுவதற்கு 28 நாள் பொறுங்கள்.

படி 5: இப்போதுதான் மேற்தரை

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கான்கிரீட்டே போதும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஈரமாக இருக்கும்போதே மேலே நன்றாகத் தேய்த்து, கடைசியில் துடைப்பத்தால் லேசாகக் கோடு இழுத்தால் சொரசொரப்பும் வந்துவிடும். ஆயில் கறை விழும், அவ்வளவுதான். ஷெட்டைப் பார்க்க யார் வருகிறார்கள்?

அழகும் வேண்டும் என்றால், நான் பார்த்தவரை இப்படி.

பார்க்கிங் டைல் பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். வாங்கும்போது விட்ரிஃபைட் (தண்ணீர் உறிஞ்சாதபடி இறுகச் சுட்டது) தானா என்று பாருங்கள். கடையிலேயே சோதிக்கலாம். டைலைத் திருப்பி, பின்பக்கம் நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சி இருண்டு போனால் அது சாதாரண செராமிக், சக்கரம் ஏறினால் உடையும். சொட்டு அப்படியே நின்றால் எடுக்கலாம். கனம் 12 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். மேற்பரப்பை நனைத்து, செருப்புக் காலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை வேண்டாம், டயர் தடம் அப்பட்டமாகத் தெரியும்.

டைல் உடைவதற்குப் பெரும்பாலும் பதிக்கிற முறைதான் காரணம். நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று என்று கலவையை வைத்து அமுக்கினால், இடையில் காற்றுதான் இருக்கும். பல் கரண்டியால் டைல் ஒட்டும் பசையை முழுக்க இழுத்துப் பரப்பிப் பதிக்க வேண்டும். பசை இறுகியதும் ஒரு மரக்கட்டையால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கெட்டியாக வந்தால் சரி. பானையைத் தட்டியது போலப் பொந்துச் சத்தம் வந்தால், கொத்தனாருக்குப் பணம் முடிப்பதற்கு முன்பே அந்த டைலைப் பெயர்க்கச் சொல்லுங்கள். டைல்களின் இடைவெளிக்கு எபாக்சி கிரௌட் (பிசின் வகை அடைப்பு) போட்டால் ஆயில் இறங்காது.

கிரானைட் வேண்டுமானால் தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய வகையைக் கேளுங்கள். பாலிஷ் போட்டது மழையில் வழுக்கும். செலவு கூடும், ஆனால் பேரன் காலத்திலும் இருக்கும்.

கடப்பா கல் மலிவு என்று பலர் போடுகிறார்கள். கூரைக்கு அடியில் சரி. வெயிலில் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். அது சுண்ணாம்புக் கல் வகை என்பதால் பேட்டரி ஆசிடும் பாத்ரூம் கழுவுகிற ஆசிடும் அதற்கு எமன்.

கூரையில்லாத முற்றத்தில் நிறுத்துபவர்களுக்கு என் ஓட்டு பேவர் பிளாக் என்கிற கான்கிரீட் கல்லுக்கு. 60 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். இதற்கு மட்டும் நான்காம் படிக் கான்கிரீட் வேண்டாம், இறுகிய கிராவலின் மேல் ஓர் அங்குல மணல் பரப்பிப் பதிக்கலாம். ஓரத்தில் கட்டாயம் கான்கிரீட் வரப்பு வேண்டும், இல்லாவிட்டால் கற்கள் மெல்ல மெல்ல வெளியே நகரும். மழைத்தண்ணீர் இடுக்கு வழியாக மண்ணுக்கு இறங்கும். எறும்பும் புல்லும் வரும். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு சுகத்துக்கே எனக்குப் பிடிக்கும்.

எபாக்சி பூச்சு வீடியோக்களில் கண்ணாடி போல மின்னுகிறது. போடுவதற்கு முன் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் பூச்சு உரியும். மத்தியான வெயிலில் மதுரை போய்த் திரும்பிய காரின் சுடு டயர் மலிவான பூச்சைக் கவ்விக்கொண்டு, மறுநாள் கிளம்பும்போது உரித்துக்கொண்டு போகும். வெயில் பட்டால் மஞ்சளாகவும் ஆகும்.

படி 6: பிறகு

ஆயில் சிந்தினால் உடனே துடைப்பத்தைத் தேடாதீர்கள், பரவும். மேலே மரத்தூளோ காய்ந்த மணலோ கொட்டி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் அள்ளிவிட்டுச் சலவைத்தூள் போட்டுத் தேயுங்கள். ஜாக்கி வைக்கும்போது அடியில் ஒரு பலகை வையுங்கள். பைக் ஸ்டாண்டுக்கும் ஒரு சின்ன இரும்புச் சப்பை போதும்.

எங்கள் ஷெட்டில் இப்போது சாம்பல் நிறப் பார்க்கிங் டைல். பெயர்த்ததில் முழுசாகத் தப்பிய பதினோரு ஆத்தங்குடிக் கல்லை ஷெட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் இரண்டு படிகளில் பதித்துவிட்டோம். ஆத்தா காலையில் அங்கே உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார்கள்.