பத்தாவது முடிச்ச பிள்ளையை பெரிய பிரைவேட் ஸ்கூலுக்கு மாத்துறதுக்கு முன்னாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயந்திரமே எங்க வீட்டு வாசல்ல செருப்பு நிறைஞ்சிடும். அரூர்ல பதினஞ்சு வருஷமா கணக்கு டியூஷன் எடுக்குறேன், அதனால மார்க் வந்ததும் அம்மா அப்பா பிள்ளைன்னு மொத்தமா கிளம்பி வந்துடுவாங்க. எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான். "அக்கா, நாமக்கல் பக்கம் ஒரு ஸ்கூல்ல பாப்பாவை சேர்த்து நீட்டுக்கும் சேர்த்தே படிக்க வைக்கலாம்னு இருக்கோம், ரெண்டு வருஷத்துக்கு மூணரை லட்சம் ஆகும்கறாங்க, கட்டலாமா?"

கடன் வாங்கிக் கட்டாதீங்க, ஸ்கூலை நேர்ல பாருங்க, இதையெல்லாம் யார் வேணா சொல்லுவாங்க, அதனால விட்டுடறேன். நானே என் பொண்ணு விஷயத்துல செஞ்சு, இப்ப வருஷா வருஷம் மத்தவங்க செய்யறதைப் பார்த்துக்கிட்டிருக்கற தப்புகளை மட்டும் எழுதறேன்.

ஃபிளெக்ஸ் பேனரை நம்பறது

590-க்கு மேல இத்தனை பேர், சென்டம் இத்தனைன்னு ரோடு முழுக்க வச்சிருப்பாங்க. பரீட்சை எழுதினது மொத்தம் எத்தனை பேர்னு கேளுங்க, அந்த 590 எடுத்த பிள்ளைங்க பத்தாவதுல எவ்வளவு எடுத்துட்டு உள்ள வந்தாங்கன்னும் கேளுங்க. 490 எடுத்த பிள்ளையை ஃபீஸ் குறைச்சு கூப்பிட்டு சேர்த்துக்கிட்டா அந்தப் பிள்ளை பிளஸ் டூலயும் மேல வரத்தான் செய்யும். உங்க பிள்ளை 410-ன்னா, 410-ல உள்ள வந்த பிள்ளை வெளிய போகும்போது எவ்வளவு எடுத்துச்சுங்கறதுதான் உங்களுக்குத் தேவையான கணக்கு. அதை எந்த பேனர்லயும் போட மாட்டாங்க.

ஃபீஸ்னு சொன்னதை மட்டும் ஃபீஸ்னு நினைக்கிறது

2009-ல வந்த சட்டப்படி, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில இருக்கற கட்டண நிர்ணயக் குழு ஸ்கூல் வாரியா, கிளாஸ் வாரியா கட்டணம் நிர்ணயம் பண்ணுது. அதைப் பார்த்துட்டுப் போனா கவுன்டர்ல சொல்ற தொகை வேற மாதிரி இருக்கும். ஏன்னா ஹாஸ்டல், மெஸ், கோச்சிங், மெட்டீரியல், டெஸ்ட் சீரிஸ்னு மீதியெல்லாம் வேற வேற பேர்ல வரும். ரெண்டு வருஷத்துக்கும் மொத்தம் எவ்வளவுன்னு ஒரே தாள்ல எழுதி வாங்குங்க, நடுவுல பிள்ளை வெளிய வந்தா எவ்வளவு திரும்பத் தருவாங்கன்னும் அதே தாள்ல.

7.5 சதவீதத்தைக் கணக்குல எடுக்காம டிசி வாங்கறது

இதுதான். இதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.

2020-ல தமிழ்நாட்டுல ஒரு சட்டம் வந்துச்சு. அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்சு நீட் பாஸ் பண்ண பிள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்ல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அந்தப் பிள்ளைங்களுக்குள்ள மட்டும்தான் போட்டி. காலேஜ் ஃபீஸை அரசாங்கமே கட்டுது, பிரைவேட் காலேஜ்ல சீட் கிடைச்சாலும்தான். அடுத்த வருஷம் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புக்கும் இதே மாதிரி கொண்டு வந்தாங்க.

இதுல முக்கியமான வார்த்தை பிளஸ் டூ வரைக்கும். பத்தாவது வரைக்கும் இல்ல.

என் பொண்ணு ஆறாவதுலேர்ந்து அரசு பெண்கள் பள்ளிதான். 2022-ல பத்தாவதுல 478. அந்த மார்க்குக்கு நாமக்கல் பக்கம் ஒரு ஸ்கூல்ல இருபது சதவீதம் ஃபீஸ் குறைச்சுத் தர்றேன்னாங்க, எங்களுக்குத் தலைகால் புரியல. டிசி வாங்கப் போன அன்னிக்கு ஹெச்.எம். மேடம் "ஏம்மா, நல்லா யோசிச்சீங்களா? இங்கயே இருந்தா இவளுக்கு சலுகை இருக்கு"ன்னாங்க. நல்லா படிக்கற பிள்ளை போகுதேன்னு தடுக்கறாங்கன்னு நான் நினைச்சேன், என்ன சலுகைன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கல. பிரைவேட் ஸ்கூல் ஃபார்ம்ல "முன்பு படித்த பள்ளி" கட்டத்துல அரசுப் பள்ளின்னு என் கையாலதான் எழுதினேன். அதை வாங்கிப் பார்த்தவர், வருஷா வருஷம் நூத்துக்கணக்கான ஃபார்ம் பார்க்கறவர், அவருக்குத் தெரியாம இருக்குமா? அவரும் ஒண்ணும் சொல்லல.

2024 நீட்ல 561 எடுத்தா. அந்த வருஷம் மார்க் எல்லாருக்குமே ஏறிப்போச்சு, பொது கவுன்சிலிங்ல எங்க பிரிவுல அதுக்கு அரசு சீட் எட்டவே இல்ல. அப்புறம் ஒரு நாள் ராத்திரி 7.5 லிஸ்ட்டை எடுத்து வச்சு ஒவ்வொரு பேரா பார்த்தேன். அவளை விடக் கம்மி மார்க் எடுத்த பிள்ளைங்க எம்.பி.பி.எஸ். போயிருந்தாங்க, அதுல ஒரு பொண்ணு அவ பழைய கிளாஸ்மேட். அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது, அது உழைச்சு வாங்கின சீட். ஆனா என் பொண்ணுக்குன்னு இருந்த கதவை மூணரை லட்சம் கட்டி நானே சாத்திட்டேனே, அதைத்தான் தாங்க முடியல. இப்ப அவ பிரைவேட் காலேஜ்ல பிசியோதெரபி படிக்கறா, அதுக்கும் வருஷா வருஷம் கட்டிக்கிட்டுதான் இருக்கோம்.

இதைச் சொன்னதும் "அந்த ஸ்கூல்ல படிச்சதாலதானே அக்கா 561 வந்துச்சு"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான், நானும் ரொம்ப நாள் யோசிச்சேன். அரசுப் பள்ளியிலயே இருந்திருந்தா முதல் தடவை கம்மியாத்தான் வந்திருக்கும்னு வச்சுக்குவோம். அந்த மூணரை லட்சத்துல பாதி இருந்தாலே ஒரு வருஷம் தனியா கோச்சிங் அனுப்பி திரும்ப எழுத வச்சிருக்கலாம். ரிப்பீட்டரா எழுதினாலும் 7.5 போகாது, அரசுப் பள்ளியிலேர்ந்து மாறினாதான் போகும். ஹாஸ்டலோட நல்ல படிப்பு வேணும்னா மாவட்டத்துல அரசு மாதிரிப் பள்ளி (மாடல் ஸ்கூல்) இருக்கு, அதுவும் அரசுப் பள்ளிக் கணக்குதான்.

இன்னும் ரெண்டு விஷயம். அரசு உதவி பெறும் பள்ளி வேற, அரசுப் பள்ளி வேற, எய்டட் ஸ்கூல்ல படிச்சா 7.5 கிடையாது, இதுல ஏமாந்தவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு குடும்பம். ரெண்டாவது, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்ல காலேஜ் படிக்கும்போது வர்ற மாசம் 1000 ரூபாய்க்கும் ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும்ங்கற கண்டிஷன் உண்டு.

உங்க பிள்ளை ஏற்கெனவே பிரைவேட்ல படிக்குதுன்னா இந்தக் கணக்கே வேற, உங்களுக்கு இழக்க ஒண்ணும் இல்ல, மத்த தப்புகளை மட்டும் பாருங்க.

பிளஸ் ஒன் பாடத்தை நடத்துவாங்களான்னு கேட்காம விடறது

முன்னாடி நிறைய ஸ்கூல்ல ரெண்டு வருஷமும் பிளஸ் டூ புக்கையே உருட்டுவாங்க. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல பிளஸ் ஒன்னுக்கு பொதுத்தேர்வு வந்துச்சு. 2025-26-லேர்ந்து அதை எடுத்துட்டாங்க. பிள்ளைகளுக்கு பயம் குறைஞ்சது எனக்கும் சந்தோஷம்தான், ஆனா பழைய வழக்கம் திரும்பறதுக்கு இப்ப வழி இருக்கு. நீட், ஜே.இ.இ. ரெண்டுலயும் பிளஸ் ஒன் பாடத்துலேர்ந்து கிட்டத்தட்ட பாதி வரும். இன்ஜினியரிங் போனா முதல் செமஸ்டர் கணக்குலயே அடி விழும், என்கிட்ட அப்படி வந்து அழுத பையன் இருக்கான். சேர்க்கறதுக்கு முன்னாடி, இப்ப அங்க பிளஸ் டூ படிக்கற பிள்ளையோட போன வருஷ ஃபிசிக்ஸ் நோட்டை வாங்கிப் பாருங்க.

மீடியம் மாத்தறது

தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளையை திடீர்னு இங்கிலீஷ் மீடியம் பிளஸ் ஒன்ல போட்டா முதல் ஆறு மாசம் வார்த்தை புரியறதுலயே போயிடும். டி.என்.பி.எஸ்.சி. ஆசை இருந்தா, டிகிரி கேக்கற வேலைகள்ல தமிழ் வழியில படிச்சவங்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடும் போச்சு.

பிள்ளையைக் கேட்காம முடிவு பண்றது

கேளுங்க. அப்பா பக்கத்துல இல்லாதப்ப கேளுங்க.

அட்வான்ஸ் கட்டறது

ரிசல்ட்டுக்கு முன்னாடி கட்டவே கட்டாதீங்க.

டிசி

போன வாரம் பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தர் பொண்ணோட டிசியை கையில வச்சுக்கிட்டே வந்தார், 465 மார்க், அரசுப் பள்ளி. பிரைவேட்ல இன்னும் சேர்க்கல. நான் பேசி முடிக்கறதுக்குள்ள வண்டியைத் திருப்பிட்டார், மணி மூணரை, ஸ்கூல் ஆபீஸ் மூடறதுக்குள்ள போயிடணும்னு.