சிறுவயல் முதல் காளையார்கோவில் வரை: 1801-ஆம் ஆண்டுப் போரின் தடத்தைப் படிக்கும் முறை

காரைக்குடிப் பக்கத்திலிருந்து காளையார்கோவிலுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் நேரே கோபுரத்தடியில் இறங்கி, மருதிருவர் (பெரிய மருது, சின்ன மருது) சமாதியில் வணங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கு நடந்த போரைப் புரிந்துகொள்ள விரும்புபவர் கோபுரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் அந்தப் போரின் போக்கை மதிலைவிடக் காடுதான் நிர்ணயித்தது. அதை உணர வேண்டுமானால் கல்லலுக்கு அருகிலுள்ள அரண்மனை சிறுவயலில் தொடங்க வேண்டும். மஞ்சுவிரட்டுக்குப் பெயர்போன சிராவயல் வேறு ஊர். வழி கேட்கும்போது ‘அரண்மனை’ என்பதைச் சேர்த்தே கேளுங்கள்.

புறப்படுமுன் இரண்டு போர்களைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். 1772 ஜூன் 25 அன்று ஆற்காட்டு நவாபுக்காக வந்த கும்பினிப் படை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) காளையார்கோவிலைத் தாக்கியதில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார்; வேலு நாச்சியார் விருப்பாச்சிக்குச் சென்று, ஹைதர் அலியின் ஆதரவோடு 1780-இல் சீமையை மீட்டார். 1801-ஆம் ஆண்டுப் போர் கும்பினிக்கு எதிராக மருதிருவர் நடத்தியது. ஊரில் கதை சொல்லும் பெரியவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுண்டு. இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டுவிட்டு, எந்தச் செய்தி எந்தப் போருக்குரியது என்பதைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

சின்ன மருதுவின் அரண்மனை சிறுவயலில்தான் இருந்தது. 1801 ஜூலை இறுதியில் கர்னல் அக்னியூ தலைமையிலான கும்பினிப் படை அங்கு வந்தபோது ஊர் தீக்கிரையாகியிருந்தது; எதிரிக்கு நிழலும் நெல்லும் கிடைக்கக் கூடாதென்று மருதிருவர் தரப்பினரே மூட்டிய தீ அது. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க அந்தப் படை ஏறக்குறைய ஒரு மாதம் முயன்றது. வெட்டியவர்கள்மீது நாள்தோறும் தாக்குதல் நடந்தது, நோயும் சேர்ந்துகொண்டது. கடைசியில் பாதையைப் பாதியிலேயே கைவிட்டுப் படை பின்வாங்கியது. அந்தப் படையில் இருந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். எதிர்த் தரப்பின் எழுத்து என்பதை மறவாமல் படிக்க வேண்டும். ஆயினும் தம் படையின் தோல்வியைத் தாமே ஒப்புக்கொள்ளும் இடங்களில் அவரை நம்புவதற்கு நல்ல காரணம் உண்டு.

இன்று அந்த வழியில் செல்லும்போது சாலையோரத்து முட்புதர்களைக் காட்டி ‘இதுதான் அந்தக் காடு’ என்று யாரும் சொன்னால் ஏற்காதீர்கள். நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி சீமைக்கருவேலம். அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவுக்கு வந்தது. கண்மாய்க் கரைகளும் தாழ்ந்த வயல்களும் செம்புறாங்கல் மேடுகளுமே கவனிக்கத்தக்கவை. பங்குனி, சித்திரையில் நீர் வற்றிய பிறகு, விடியற்காலையில் ஒரு கண்மாய்க் கரையில் சிறிது தூரம் நடந்து பாருங்கள். பீரங்கி வண்டியை இந்த நிலத்தில் இழுத்துச் செல்வது எவ்வளவு கடினம் என்பது காலுக்கே புரிந்துவிடும்.

கோயிலுக்குள் நுழைந்ததும் மனத்தைப் பல நூற்றாண்டுகள் பின்னே கொண்டுசெல்ல வேண்டும். திருக்கானப்பேர் என்று தேவாரம் பாடும் தலம் இது. கானப்பேரெயில் என்ற அரணின் ஆழமான அகழியையும் வெயில் நுழையாத காவற்காட்டையும் புறநானூற்றின் 21-ஆம் பாடல் கூறுகிறது. காடே இவ்வூருக்குக் காவலாக இருந்தது மருதிருவர் காலத்துக்கு வெகு முன்பே தொடங்கிய வழக்கம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கோபுரங்களில் சிறியது பழையது. ஓங்கி நிற்கும் ஒன்பது நிலைக் கோபுரம் மருதிருவர் எழுப்பியது.

பழங்கோயில்களின் கல்வெட்டுகளைப் பார்க்க, அதிட்டானம் எனப்படும் அடித்தளத்தின் பட்டிகை, குமுதம், ஜகதி ஆகிய அடுக்குகளில் குனிந்து தேடுங்கள். விளக்கொளியை நேராகப் பாய்ச்சினால் எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து வரிகள் எழுந்து நிற்கும். மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தடவவே கூடாது. கல்லுக்குச் செய்யும் தீங்கு அது. நகரத்தார் திருப்பணிகளின்போது பல கோயில்களில் கற்கள் இடம் மாறியிருப்பதால், ஒரு வரி பாதியில் நின்றாலோ தலைகீழாக இருந்தாலோ வியக்க வேண்டாம். இத்தகைய கல்வெட்டுகள் பெரும்பாலும் நிலதானத்தையும் விளக்குக்கு விட்ட கொடையையும் பேசுபவை. அவற்றில் 1801-ஐத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு படை காக்கத் துணிந்த ஊர் எப்படி உருவாயிற்று என்று தேடினால் நிறையக் கிடைக்கும்.

கோபுரத்தை இடித்துவிடுவதாக மிரட்டியதால் மருதிருவர் சரணடைந்தனர் என்ற செய்தியைக் கட்டாயம் கேட்பீர்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் வாய்மொழி வழக்கு என்ற தலைப்பின் கீழ். அக்டோபர் 1 அன்று பல முனைகளிலிருந்து வந்த படையிடம் காளையார்கோவில் வீழ்ந்ததும், அக்டோபர் 24 அன்று சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டதும் ஆவணச் செய்திகள்.

அக்டோபர் இறுதியில் குருபூசைக் கூட்டமும் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இருக்கும். நிலத்தையும் கல்லையும் நிதானமாகப் பார்க்க விரும்புபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்து, திருப்பத்தூர் நினைவிடத்தை மறுநாளைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.