குடும்ப வியாபாரத்தில் பிணக்கு: ஆன்மிக ஆலோசனையை நாடும் முறை

கொழும்பின் புறக்கோட்டையிலோ செட்டியார் தெருவிலோ உடன்பிறந்தோர் சேர்ந்து நடத்தும் கடையில் மனத்தாங்கல் எழுந்தால், அது கடையைப் பூட்டியதும் நின்றுவிடாமல் வீட்டு இராச்சாப்பாடு வரை வந்துவிடுகிறது. அந்நேரத்தில் ஆன்மிக ஆலோசனையை நாடுபவர், எதைக் கேட்கப் போகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு, காசோலையில் யார் கையொப்பமிடுவது என்பன கணக்காளருக்கும் சட்டத்தரணிக்கும் உரியவை; தம்பியைக் கண்டாலே ஏன் கோபம் வருகிறது, அப்பா நடத்திய கடையை விடாமல் பிடித்திருப்பது கடமையா வீம்பா என்பனவே குருக்களிடமோ அருட்தந்தையிடமோ மௌலவியிடமோ கொண்டுபோகத் தக்கவை.

ஆளைத் தெரிவுசெய்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். உங்கள் கடையிடமிருந்து ஆண்டுதோறும் நன்கொடை பெறுபவர், எவ்வளவு நல்லவராயினும், இதற்கு ஏற்றவர் அல்லர். நீங்கள் சொன்னதை மற்றப் பங்காளியின் காதில் போடாதவராகவும், உடனே பரிகாரம் கூறாமல் முழுவதையும் கேட்பவராகவும் ஒருவரைத் தேடுங்கள். சாதகத்தைப் பார்த்து ‘இந்தக் கூட்டு ஒத்துவராது’ என்று சொல்பவரிடம் போவதை நான் விரும்புவதில்லை. அந்த ஒரு வாக்கு, பின்னர் வரும் ஒவ்வொரு சண்டையிலும் சாட்சியாக இழுக்கப்படும்.

கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் புனித அந்தோனியார் திருத்தலமும் சந்தைக்கு அண்மையிலேயே உள்ளன. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரை நாடி வருவோர் கூட்டம் பெரிது என்பதால், ஆறுதலாகப் பேச வேறு நாளைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. போகுமுன், கடைசிச் சண்டையில் மற்றவர் சொன்னதை விட்டு, நீங்கள் சொன்னதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதக் கூசும் வரியிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

குடும்பத்தார் ஒன்றாக அமர்வதானால் முழுநிலா நாளான போயா விடுமுறை வசதியானது. பிரார்த்தனைக்குப் பின் ஒவ்வொருவரும் குறுக்கீடின்றிப் பேசட்டும். கடைக்காகத் தம் நகையை அடகு வைத்த பெண்களும் அங்கே இருக்க வேண்டும். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யுமாறு எவரையும் வற்புறுத்த வேண்டாம், ஏனெனில் அச்சத்தால் பெற்ற வாக்கு, மனக்கசப்பை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடும். பங்கு பற்றிய முடிவை அன்றே எடுக்காமல், இணங்கியவற்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இணக்கம் வராவிட்டால், 1988ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும், பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபையை நாட முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேட்கலாம். உறக்கம் கெட்டு, உயிர்மேல் வெறுப்பு வருமளவுக்கு மனம் சோர்ந்தால், வழிபாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐ அழையுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.