'கேள்' என்றால் லிசனா, ஹியரா, ஆஸ்க்கா?

ஆங்கிலத்தில் குழப்புகிற சொற்களை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்யச் சொல்கிற புத்தகங்கள் நம்மிடம் நிறைய உண்டு. நானும் அப்படித்தான் படித்தேன், ஒரே ராத்திரியில் நாற்பது ஜோடியை உருப்போட்டுவிட்டு மறுநாள் பேச வாயைத் திறந்தால் பழையபடி தப்பான சொல்தான் வந்து விழும். மாலை நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிகிற இடத்தில்தான் நாம் அதிகம் தடுக்கி விழுகிறோம். அதனால் ஆங்கில ஜோடியை விட்டுவிட்டுத் தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குங்கள், அது எத்தனையாகப் பிரிகிறது என்று பாருங்கள்.

'கேள்' என்பதையே எடுத்துக்கொள்வோம். பாட்டுக் கேட்கிறோம், இடிச் சத்தம் கேட்கிறது, கடையில் விலை கேட்கிறோம். நமக்கு எல்லாம் ஒரே வினைதான். ஆங்கிலத்தில் மனசு வைத்துக் கேட்டால் 'லிசன்', தானாகக் காதில் விழுந்தால் 'ஹியர்', வாயைத் திறந்து கேட்டால் 'ஆஸ்க்'. முதல் இரண்டையும் பிரிக்கத் தமிழிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. 'நான் கேட்கிறேன்' என்று வந்தால் லிசன், 'எனக்குக் கேட்கிறது' என்று வந்தால் ஹியர். போனில் நேர்காணல் நடக்கிறது, லைன் சரியில்லை, 'எனக்குக் கேட்கவில்லை' என்று சொல்ல நினைத்து 'ஐ ஆம் நாட் லிசனிங்' என்று சொல்லிவிட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு அது 'நீங்கள் பேசுவதை நான் கவனிக்கவில்லை' என்றுதான் போய்ச் சேரும். அங்கே சொல்ல வேண்டியது 'ஐ காண்ட் ஹியர் யூ'. இன்னொன்று, லிசனுக்குப் பின்னால் 'டு' கட்டாயம் வேண்டும், 'லிசன் டு மியூசிக்' என்பதுபோல. ஹியருக்கு அது வேண்டாம்.

'பார்' என்பதும் இதே கதைதான். கண்ணில் பட்டால் 'ஸீ', திரும்பி நோக்கினால் 'லுக் அட்', நகர்கிற ஒன்றை உட்கார்ந்து நேரம் கொடுத்துப் பார்த்தால் 'வாட்ச்'. போட்டோவை லுக் அட், கிரிக்கெட்டை வாட்ச். 'சொல்' என்பது 'ஸே', 'டெல்' என்று பிரிகிறது. டெல்லுக்குப் பொதுவாக யாரிடம் என்பது உடனே ஒட்டி வர வேண்டும், நடுவில் 'டு' கூடாது. நாம் 'என்னிடம் சொன்னான்' என்கிற பழக்கத்தில் 'ஹி டோல்ட் டு மீ' என்கிறோம். 'ஹி டோல்ட் மீ' என்பதே சரி. 'சந்தேகம்' இன்னொரு பொறி. வகுப்பில் கை தூக்கி 'ஐ ஹாவ் எ டவுட்' என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் தான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்றால் 'கொஸ்டின்' போதும். அப்புறம் 'பாரோ', 'லெண்ட்': இரவல் வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட்.

இனி ப்ரெபொசிஷன், அதாவது 'இன்', 'டு' மாதிரியான குட்டிச் சொற்கள். பள்ளியில் படித்த வேற்றுமை உருபுகளை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நமக்குப் பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டுவது அவர்களுக்குத் தலைக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்கிறது, அவ்வளவுதான். சிக்கல் எங்கே என்றால், நம்முடைய 'இல்' ஒன்றே அவர்களுடைய 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றின் வேலையையும் செய்துவிடுகிறது. மேசையில், பெட்டியில், பஸ் ஸ்டாப்பில். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: 'இல்' இருக்கிற இடத்தில் 'மேலே' என்று வைத்துப் பார், பொருந்தினால் ஆன். 'உள்ளே' பொருந்தினால் இன். இரண்டும் பொருந்தாமல் வெறும் ஒரு புள்ளியாக, வரைபடத்தில் குத்தின ஊசி மாதிரி நின்றால் அட்.

இந்தச் சோதனை வண்டிகளில் மட்டும் உதைக்கும். பஸ்ஸுக்கு உள்ளேதானே உட்கார்கிறோம், பிறகு ஏன் 'ஆன் தி பஸ்'? எழுந்து நின்று நடக்க இடம் உள்ள வண்டிக்கு ஆன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பஸ், ரயில், விமானம், கப்பல். கார், ஆட்டோ, டாக்சி எல்லாம் குனிந்து ஏறி உட்கார்கிற வண்டிகள், அவற்றுக்கு இன். பைக்கின் மேல்தான் உட்கார்கிறோம், அதனால் அதற்கும் ஆன்.

நேரத்துக்கு வந்தால் மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருஷத்துக்கும் இன். 'இன் தி மார்னிங்' என்போம், ஆனால் 'அட் நைட்'. காலைக்கு முன்னால் கிழமை வந்துவிட்டால் கிழமைதான் ஜெயிக்கும்: 'ஆன் மன்டே மார்னிங்'.

'வரை', 'உள்' இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேலை பார்க்கிற இடத்தில் இவைதான் வம்பில் மாட்டிவிடும். 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்' என்பதற்கு 'பை ஃப்ரைடே'. 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால் வெள்ளி வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று ஆகிவிடும். ஆனால் 'இரண்டு நாளுக்குள்' என்றால் பை வராது, 'விதின் டூ டேஸ்'. அதையே 'இன் டூ டேஸ்' என்று எழுதினால் இரண்டு நாள் கழித்து என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை அத்தை மகள் கல்யாணத்துக்காக 'ஆன் லீவ் டில் மன்டே' என்று மெயில் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். திங்கள் வரை லீவு என்றால் நமக்குத் திங்களும் லீவுதான். மேலாளர் திங்கள் காலையில் வந்துவிடுவேன் என்று எடுத்துக்கொண்டு மீட்டிங்கில் என் பெயரைப் போட்டுவைத்திருந்தார், பத்து மணிக்குப் போன் வந்தபோது நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து லீவு மெயிலில் டில், அன்டில் எதுவும் எழுதுவதில்லை. 'ஐ வில் பி பேக் ஆன் டியூஸ்டே', திரும்பி வருகிற நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

'மூன்று வருஷமாக' என்று 'ஆக' வந்தால் 'ஃபார் த்ரீ இயர்ஸ்'. '2019இலிருந்து' என்று தொடங்கின இடத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பது தப்பு.

'பற்றி' வந்தாலே 'அபவுட்' போடுகிற பழக்கம் நமக்கு. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதாத ஆளே இல்லை. டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடங்கிவிட்டது, 'டிஸ்கஸ் தி ப்ராப்ளம்' போதும். அதே சொல் பெயராக 'டிஸ்கஷன்' என்று மாறினால் அபவுட் வரலாம். இந்த இடமாற்றம்தான் நம்மைக் குழப்புகிறது. 'ரெக்வெஸ்ட்' அப்படியே: வினையாக வந்தால் எதுவும் வேண்டாம், பெயராக வந்தால் 'ஃபார்'. 'என்னைவிட சீனியர்' என்பதை 'சீனியர் தேன் மீ' என்று சொல்லாதீர்கள், 'சீனியர் டு மீ'. சீனியர், ஜூனியர், சுப்பீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள், அவை டு தான் கேட்கும்.

எழுத்துக் குழப்பத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். அறிவுரை என்கிற பெயர்ச்சொல் 'அட்வைஸ்' சி எழுத்தோடு வரும், அதன் வாலில் 'ஐஸ்' என்ற இன்னொரு பெயர்ச்சொல் இருக்கிறது என்று நினைவு வையுங்கள், வினைக்கு எஸ். தளர்ந்த சட்டையில் இடம் ஜாஸ்தி, அதனால் அந்த 'லூஸ்' இரண்டு ஓ, தொலைப்பதற்கு ஒரே ஓ.

சிலவற்றுக்குக் காரணமே கிடையாது. 'குட் அட் மேத்ஸ்', 'மேரீட் டு', 'டிபெண்ட் ஆன்'. இவற்றைச் சொல்லோடு சேர்த்தே பழக வேண்டியதுதான். அதற்குச் சாதாரண அகராதியைவிடக் கற்பவர்களுக்கென்றே செய்த அகராதி நல்லது. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர், மாணவர்களின் இதே அவஸ்தையைப் பார்த்து, ஒரு சொல் வாக்கியத்தில் எப்படி நிற்கும், பின்னால் என்ன வரும் என்பதையும் காட்டுகிற அகராதியைத் தொகுத்தார். 1942இல் அங்கேயே வெளிவந்தது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி அதன் வழி வந்ததுதான். டிபெண்ட் என்று தேடினால் பக்கத்திலேயே ஆன் இருக்கும், சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத ஒரு நோட்டு போடுங்கள். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் உங்கள் வீட்டில் நிஜமாகப் பேசுகிற வாக்கியங்கள். முதல் பக்கத்துக்கு 'போடு' வைத்துக்கொள்ளலாம்: சட்டை போட்டால் 'புட் ஆன்', காபி போட்டால் 'மேக்', லைட் போட்டால் 'ஸ்விட்ச் ஆன்', கையெழுத்துப் போட்டால் 'சைன்', கோலம் போட்டால் 'டிரா'. வீட்டைச் சுற்றி வந்தால் குறைந்தது இன்னும் பத்து அகப்படும்.