கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களையும் வெளியூர் நண்பர்களையும் அடிக்கடி அழைத்துப் போகிறேன். தண்ணீர் பாட்டில், வெயில், செருப்பு பற்றியெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் ஒரு காலத்தில் செய்து, இன்றும் புதிதாக வருகிறவர்கள் மாறாமல் செய்துகொண்டிருக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை போவது

அன்று விடுமுறை.

அடையாள அட்டை இல்லாமல் போவது

தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இதே கோட்டைக்குள்தான் இயங்குகின்றன. வாசலில் சோதனை உண்டு. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் கெடுபிடி கூடும். வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்ன்வாலிஸின் முகத்தை மட்டும் பார்ப்பது

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் இது. தரைத்தளத்தில், மைசூரின் திப்பு சுல்தானைப் போரில் வென்ற கிழக்கிந்தியக் கும்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபுவின் பெரிய பளிங்குச் சிலை நிற்கிறது. லண்டன் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. 1800-ல் கோட்டைக்குள் நிறுவப்பட்டு, பிறகு ஊருக்குள் பல இடம் மாறி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், ஒரு செல்ஃபி எடுக்கிறார்கள், மாடிப்படி ஏறிவிடுகிறார்கள். பீடத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

விஷயமே பீடத்தில்தான் இருக்கிறது. திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அங்கே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. இருவரும் சிறுவர்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு தன் நாட்டில் ஏறக்குறையப் பாதியை விட்டுக்கொடுத்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தரவும் ஒப்புக்கொண்டார். அதை நிறைவேற்றும்வரை பிள்ளைகள் கும்பெனியின் பிடியில். பெற்ற பிள்ளையைப் பிணை வைத்துப் பணம் வசூலித்ததைப் பெருமையாகப் பளிங்கில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் மேலே போய் ஆளுநர்களின் ஓவியங்களைப் பார்த்தால், யாரோ கனவான்களின் படங்கள் என்றுதான் தோன்றும்.

ஒருமுறை சேலம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சிலர் வந்திருந்தார்கள். எல்லா அறைகளையும் சுற்றிவிட்டு, "எங்க ஊர் சம்பந்தமா இங்க ஒண்ணும் இல்லையே சார்" என்றார் ஒரு பையன். கையைப் பிடித்துப் பீடத்துக்கு அழைத்து வந்தேன். அந்த உடன்படிக்கையில் கைமாறிய நிலத்தில் திண்டுக்கல்லும் பாராமகாலும் உண்டு. பாராமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமை. அங்கே வரி வசூலிக்கப் போன கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுகிறவனிடமே நேராக வரி வாங்கிப் பார்த்தார்கள். பின்னாளில் மன்றோ ஆளுநரானபோது மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கம் அதுதான். "உங்க தாத்தா வீட்டுப் பட்டாவோட கதை இந்தக் கல்லுலதான் ஆரம்பிக்குது தம்பி" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் மாடிக்குத் திரும்பப் போய் எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்தான். அன்று அவர்கள் பேருந்தைத் தவறவிட்டது தனிக்கதை.

ஆகவே முதலில் பீடம். பிறகு மற்றதெல்லாம்.

கட்டடத்தைக் கூரை என்று மட்டும் நினைப்பது

1795-ல் கட்டி முடித்த கட்டடம் இது. வணிகர்கள் கூடி விலை பேசிய பரிவர்த்தனை மன்றம் இங்கேதான் இருந்தது. மேல்தளத்தின் நீண்ட கூடத்தில் நிற்கும்போது, கும்பெனி ஆட்களுக்கு முதலில் சரக்கு, அப்புறம்தான் ராஜ்ஜியம் என்பது சொல்லாமலே விளங்கும். அருங்காட்சியகமாக இது திறக்கப்பட்டது சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல்.

கொடியைத் தவறவிடுவது

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுத் தேசியக்கொடி இங்கே இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டாவது பார்த்துவிடுங்கள்.

அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுவது

பக்கத்திலேயே 1680-ல் கட்டிய புனித மேரி தேவாலயம். அதன் முற்றத்தில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். அவை முதலில் இருந்தது கோட்டைக்கு வெளியே ஓர் இடுகாட்டில். 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்து கோட்டையைச் சுட்டது. அடுத்த எதிரிக்கும் அந்த மறைவு கிடைக்கக் கூடாது என்றுதான் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். எழுத்து நன்றாகத் தெரிய வேண்டுமென்றால், வெயில் சாய்வாக விழும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.