எதிரிகள் ஹெல்மெட் போட்டது ஏன்? மெட்டல் கியர் சாலிட் 5-இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிரி முகாம்களுக்குள் ஒளிந்து ஒளிந்து புகுந்து வேலையை முடிக்கும் வீடியோ கேமான ‘மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபேண்டம் பெயின்’ 2015 செப்டம்பர் 1 அன்று வெளிவந்தது. இன்றைக்கும் தள்ளுபடியில் வாங்கிப் புதிதாக ஆட ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து மிஷன் தாண்டியதும் அவர்களில் நிறையப் பேர் ஒரே குறையைச் சொல்வார்கள்: ‘ஆரம்பத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது எல்லோரும் ஹெல்மெட் போட்டுவிட்டார்கள், மயக்கத் துப்பாக்கி வேலைக்கு ஆகவில்லை, கேம் திடீரென்று கஷ்டமாகிவிட்டது.’

கேம் திடீரென்று கஷ்டமாவதில்லை. நீங்கள் எதை அடிக்கடி செய்கிறீர்கள் என்று அது கணக்கு வைத்துக்கொண்டே வருகிறது. தலையைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே இருந்தால் ஹெல்மெட் வரும். இரவில் மட்டுமே தாக்கினால் இருட்டில் பார்க்கும் கண்ணாடி வரும். மயக்க வாயுவையே நம்பினால் முகமூடி. நேருக்கு நேர் மோதுகிறவருக்கு மார்புக் கவசமும் கேடயமும் ஷாட்கன்னும். யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய் வருகிறவருக்கு கேமரா, கண்ணிவெடி, தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் நிற்பதைப் போலவே தெரியும் பொம்மை. ‘செல்டா’ வரிசை கேமான ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’டிலும் (2017) எதிரிகளைக் கொல்லக் கொல்ல, சிவப்பு பொகோப்ளின் என்ற சாதாரண அரக்கன் நின்ற இடத்தில் நீலம், கருப்பு, வெள்ளி என்று பலசாலிகள் வருவார்கள். அங்கே எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்பதுதான் கணக்கு. இங்கே எப்படி வீழ்த்தினீர்கள் என்பது கணக்கு. இந்த கேமை நான் திரும்பத் திரும்ப ஆடுவதற்குக் காரணமே இதுதான்.

அதனால் முதல் தவறு, ஒரே வித்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. எல்லோரும் பிடித்துக்கொள்ளும் வித்தை ஒன்றுதான்: கையில் முதலில் கிடைக்கும் மயக்க ஊசித் துப்பாக்கி, தலைக்கு ஒரு ஊசி. உடம்பில் பட்டால் மயக்கம் ஏறச் சில நொடி ஆகும்; தலையில் பட்டால் ஆள் அப்படியே சரிவான். இவ்வளவு சுலபமாக இருக்கும்போது வேறு எதைத் தொடத் தோன்றும்? ஆப்கானிஸ்தான் மலைப் பாதையில் இருக்கும் சின்னக் காவல்சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலே பேர். பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு நாலு ஊசியில் முடித்துவிடுவீர்கள். இப்படியே பல சாவடிகள். பிறகு ஒரு நாள் அதேபோல் ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து சுடுவீர்கள். ‘டங்’ என்று ஒரு சத்தம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விட்டது. ஹெல்மெட் மட்டும் தெறித்து விழ, ஆள் உங்கள் பக்கம் திரும்பிவிட்டான்.

ஹெல்மெட் போட்டவனையும் வீழ்த்தலாம். அவன் உங்கள் பக்கம் திரும்பி நிற்கும்போது முகத்தில் சுட்டால் ஊசி வேலை செய்யும், ஆனால் குறி துல்லியமாக இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, துப்பாக்கியைச் சுடாமலேயே பயன்படுத்துவது. பின்னாலிருந்து மெதுவாகப் போய்த் துப்பாக்கியை நீட்டினால் கையைத் தூக்கிவிடுவான். படுக்கச் சொன்னால் படுத்துவிடுவான். கழுத்தைப் பிடித்து விசாரித்தால் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்வான். ஆப்கானிஸ்தானில் காவல் நிற்பவர்கள் ரஷ்ய மொழி பேசும் சோவியத் படையினர்; ரஷ்ய மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து நம் தளத்துக்கு அனுப்பியிருந்தால்தான் அவன் பேசுவது புரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த ஆளைத் தேடிப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். காலி மேகசினை வீசி ஓர் ஆளைத் தனியே இழுப்பது, அட்டைப்பெட்டிக்குள் ஒளிவது, நாயை விட்டு மோப்பம் பிடிப்பது என்று வழிகள் ஏராளம். ஒரு முறையைக் கொஞ்ச காலம் விட்டு வைத்தால் அதற்கு எதிரான ஏற்பாடும் மெல்லத் தளரும்.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதை மறந்துவிடுவது இரண்டாவது பெரிய தவறு. களத்தில் பிடித்துத் தளத்துக்கு அனுப்பும் ஆட்களால் வளர்வது உங்கள் படை; அதிலிருந்து சிலரை வெளிவேலைக்கு அனுப்பும் வசதி மெனுவில் இருக்கிறது. பணம் சம்பாதிக்கும் வேலைகளுக்கு மட்டும் அனுப்பிவிட்டுப் பலர் அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பட்டியலிலேயே எதிரியின் ஹெல்மெட் கிடங்கை அழிப்பது போன்ற வேலைகளும் வரும். வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று முன்னாலேயே காட்டிவிடும். வென்றால் கொஞ்ச காலத்துக்கு அந்தப் பொருள் களத்தில் வராது. அப்புறம் மறுபடியும் அனுப்ப வேண்டும். போகிறவர்கள் உயிரோடு திரும்பாமலும் போகலாம் என்பதால் ஆட்களைப் பார்த்து அனுப்புங்கள்.

அடுத்தது, வானத்தையும் கடிகாரத்தையும் பார்க்காமல் இறங்குவது. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் காவலர்கள் ஆள் மாறுவார்கள். அரை மணி நேரம் மேட்டில் படுத்துக் குறித்து வைத்த நிலவரம் அப்போது கலைந்துவிடும். மழை பெய்தால் உங்கள் காலடிச் சத்தம் அமுங்கும். ஆப்கானிஸ்தானில் மணல்புயல் வீசினால் அவர்களுக்குக் கண் தெரியாது. முகாமின் நடுவிலேயே நடந்து போகலாம். நிறையப் பேர் புயலைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றுவிடுகிறார்கள். அந்தச் சில நிமிடங்கள் கிடைப்பதற்கரியவை, உடனே இறங்கிவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த நேரத்தில், பிடித்த ஆட்களை பலூனில் கட்டி வானம் வழியாக நம் தளத்துக்கு அனுப்பினால் தவறிப்போகும் வாய்ப்பு கூடும்.

பலூன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மயங்கிக் கிடக்கும் ஒவ்வொருவரையும் அங்கேயே பலூனில் அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அது மேலே போகும்போது சத்தம் வரும், பார்ப்பவனும் பார்த்துவிடுவான். முதலில் ஆளை ஒரு மறைவுக்குத் தூக்கிப் போங்கள். விட்டுவிட்டுப் போனாலும் ஆபத்துதான். ரோந்து வருகிறவன் காலால் ஒரு உதை விட்டு அவனை எழுப்பிவிடுவான்.

முகாமுக்குள் நுழையும் முன் தகவல்தொடர்பு கருவிகளை உடைக்காமல் விடுவதும் பெரிய தவறு. அவை உடைந்துவிட்டால், நீங்கள் மாட்டிக்கொண்டாலும் அவர்களால் வெளியிலிருந்து கூடுதல் படையைக் கூப்பிட முடியாது. ஒரு முழு மிஷனே இதைக் கற்றுக்கொடுப்பதற்காக இருக்கிறது: 4-ஆவது மிஷன், கிழக்குத் தொலைத்தொடர்பு நிலையம். நிறையப் பேர் அதை முடித்துவிட்டு, கற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு ஒன்று உண்டு. ஒருவன் பார்த்துவிட்டான் என்றதும் மெனுவைத் திறந்து, கேம் கடைசியாகச் சேமித்து வைத்த செக்பாயிண்டிலிருந்து மறுபடி ஆரம்பிப்பது. இந்த கேமில் எதிரி உங்களைக் கண்டதும் சில நொடிகள் காலம் மெதுவாகிவிடும். அதற்குள் அவனை வீழ்த்திவிட்டால் யாருக்கும் தெரியாது. வீழ்த்த முடியாமல் சங்கு ஊதிவிட்டாலும் ஆட்டம் முடிந்துவிடவில்லை. கடைசியாக உங்களைப் பார்த்த இடத்தைத்தான் அவர்கள் சூழ்வார்கள். நீங்கள் அங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வந்த வழியில் திரும்பாமல் பக்கவாட்டில் சுற்றி வந்து, அவர்கள் எல்லோரும் அந்த ஒரு மூலையில் தேடிக்கொண்டிருக்கும்போது காலியாகக் கிடக்கும் மறுபக்கம் வழியாக நுழைந்து பாருங்கள். என் மனதில் நிற்கும் மிஷன்கள் எல்லாம் இப்படி மாட்டிக்கொண்டு மீண்டவைதான். ஒவ்வொரு முறையும் மறுபடி லோடு செய்கிறவருக்கு இந்தப் பாதிக் கேம் தெரியாமலே போய்விடும்.

அதற்கு விலையும் பின்னால் கொடுக்க வேண்டி வரும். இரண்டாம் அத்தியாயத்தில் பழைய மிஷன்கள் சில கடினமான வடிவில் திரும்பி வருகின்றன. ‘எக்ஸ்ட்ரீம்’ வகையில் எதிரியின் அடி பலமாக விழும். ‘டோட்டல் ஸ்டெல்த்’ வகையில் கண்ணில் பட்டாலே தோல்வி, காலம் மெதுவாகும் அந்தச் சலுகையும் கிடையாது. ‘சப்சிஸ்டன்ஸ்’ வகையில் வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள், துணையும் வராது, வானத்திலிருந்து பொருளும் வராது. அதுவரை ஆராய்ச்சிக் கூடத்தில் தயாரித்த உயர்ரகத் துப்பாக்கிகளை மட்டும் நம்பி ஆடியவர்கள் இங்கே வந்து திகைத்து நிற்கிறார்கள்.

அப்படித் திகைத்து நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது 33-ஆவது மிஷனை. அதே கிழக்குத் தொலைத்தொடர்பு நிலையம், இந்த முறை கையில் எதுவும் இல்லாமல். அவசரப்படாதீர்கள். ஒதுக்குப்புறமாக நிற்கும் ஒரு காவலனைத் தேர்ந்தெடுங்கள். அவன் முதுகைக் காட்டும்வரை படுத்தே கிடங்கள். பின்னால் போய்ப் பிடித்து, மற்றவர்கள் எங்கே என்று கேட்டுவிட்டு, மயக்கமாக்கி இழுத்துப் போடுங்கள். அவன் கையிலிருந்த துப்பாக்கி இப்போது உங்களுடையது. அதற்கு சைலன்சர் இருக்காது. எனவே உடைக்க வேண்டிய தகவல்தொடர்பு கருவிகள் எங்கே இருக்கின்றன, சுட்டபின் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முடிவு செய்த பிறகு முதல் குண்டைச் சுடுங்கள்.